நன்றி கூறி முடிக்கவும்

ஜூன் 3, திங்கள்

குமாரபாளையம் வந்து சேர்ந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறை. ரெஜினா மேடமும் நானும் ஐந்து வாரம் இங்கேதான். மேடம் எங்கள் சூப்பர்வைசர். கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். குழாயில் தண்ணீர் காலை ஆறு முதல் ஏழு வரை மட்டும். இரண்டு குடம் பிடித்து வைத்தேன்.

மதியம் பயிற்சி நடந்தது. இந்த சர்வே வீட்டுக்குள் பெண்கள் வாங்கும் அடி உதையைப் பற்றியது. தெருவில் அப்படிச் சொல்லக் கூடாது. ‘பெண்கள் உடல்நலக் கணக்கெடுப்பு’ என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாரையும் முழுசாகக் கேட்க மாட்டோம். முதலில் ஒன்பது வடிகட்டிக் கேள்விகள். வயது நாற்பத்தொன்பதுக்குள்ளா, கணவரோடு இருக்கிறாரா, அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறதா, இப்போது பக்கத்தில் யாரும் இல்லையா என்று போகும். ஒன்பதாவதுதான் முக்கியம்: “கடந்த பன்னிரண்டு மாதங்களில் உங்கள் கணவர் உங்களை அடித்ததோ, தள்ளியதோ, பயமுறுத்தியதோ உண்டா?”

இல்லை என்றால் கையில் இருக்கும் டேப்லெட் திரையில் ‘தகுதி இல்லை. நன்றி கூறி முடிக்கவும்’ என்று வந்துவிடும். ஐந்து நிமிஷ வேலை. ஆம் என்றால் இன்னும் நாற்பத்திரண்டு கேள்விகள், முக்கால் மணி நேரம். கடைசியில் உதவி மையத்தின் எண்ணைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நடுவில் யாராவது வீட்டுக்குள் வந்துவிட்டால் திரையின் மூலையில் ஒரு பச்சைப் பொத்தான். அதை அமுக்கினால் சமையல் பற்றிய கேள்விகள் வரும்.

மாதிரிப் பேட்டிக்கு மேடம் என்னைத்தான் உட்கார வைத்தார். ஒன்பதாவதுக்கு ‘இல்லை’ என்றேன். பயிற்சிதானே.

“என்னக்கா, தலையை ஒரு பக்கமா சாய்ச்சுக் கேக்கறீங்க?” என்றார் மேடம். சின்ன வயதில் கிணற்றில் குதித்து இடது காதில் தண்ணீர் போய் மந்தமாகிவிட்டது என்று சொன்னேன்.

ஏழு மணிக்குத் தாராபுரத்திலிருந்து வீட்டுக்காரர் போன். அறையை வீடியோவில் சுற்றிக் காட்டச் சொன்னார். காட்டினேன். குளியலறையையும் காட்டினேன். அவருக்கு அக்கறை அதிகம்.

ஜூன் 5, புதன்

எனக்குக் கொடுத்த பகுதி ஒரு நீளமான சந்து. இருபுறமும் லைன் வீடுகள், முனையில் பெரிய தறிக்கூடம். காலை எட்டு மணிக்குத் தறி ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது நமக்கே கேட்காது. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, இந்தச் சத்தம் எங்களுக்கு நல்லது. உள்ளே பேசுவது சுவரைத் தாண்டாது.

ஆறு வீடு முடித்தேன். ஐந்து ‘தகுதி இல்லை’. ஆறாவது கோகிலா. புருஷன் டெம்போ ஓட்டுகிறார். ஒன்பதாவது கேள்வியைக் கேட்டதும் அவள் பால் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். சேலை நுனியால் கையைத் துடைத்துக்கொண்டு, “ஆமான்னு போட்டா என்னுங்க ஆகும்?” என்றாள். ஐம்பது நிமிஷம் பேசினாள்.

செருப்பு வார் அறுந்துவிட்டது. ஊக்கு குத்தி நடந்து வந்தேன்.

ஜூன் 7, வெள்ளி

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

காலை பத்தரைக்குச் சந்தின் வாயிலில் ஒரு டெம்போ குறுக்கே நின்றது. ஓட்டியவர் இறங்கி வந்தார். கோகிலாவின் புருஷன். சத்தம் போடவில்லை. ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்.

“ஏனுங், எங்கூட்டுல மட்டும் அம்பது நிமிஷம் உக்காந்திருந்தீங்களாமா? அடுத்த வூட்டுல அஞ்சே நிமிஷம். எதுத்த வூட்டுலயும் அஞ்சு நிமிஷம். எங்கூட்டுல அப்படி என்னுங்க விசேசம்?”

“உடல்நலக் கேள்விங்க. சில பேருக்குக் கொஞ்சம் கூட வருமுங்க.”

“யாருக்குக் கூட வரும்?”

அவர் என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். “சாந்தாமணி, தாராபுரம்” என்று வாய்விட்டுப் படித்தார். பிறகு டெம்போவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

யார் என்ன பதில் சொன்னார்கள் என்பதை டேப் யாரிடமும் சொல்லாது. கடவுச்சொல் இருக்கிறது, பூட்டு இருக்கிறது. ஆனால் நாங்கள் எந்த வீட்டில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதைத் தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது. வடிகட்டி எடுத்த பெண்களை நாங்களே வாசலில் நிறுத்திக் காட்டியதுபோல ஆகிவிட்டது. இதைப் பயிற்சியில் யாரும் சொல்லவில்லை.

ஜூன் 8, சனி

கோகிலாவைத் தண்ணீர்க் குழாயடியில் பார்த்தேன். வலது மணிக்கட்டில் கட்டு. இடது கையால் குடத்தைத் தூக்கினாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரசம் வைத்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. மேடத்திடம் தலைவலி என்றேன்.

ஜூன் 10, திங்கள்

ஏழு வீடு. ஏழும் ‘தகுதி இல்லை’.

ஜூன் 12, புதன்

ஆறு வீடு. ஆறும் ‘தகுதி இல்லை’. இந்தச் சந்தில் எல்லாரும் நல்லபடியாகத்தான் இருக்கிறார்கள்.

ஜூன் 14, வெள்ளி

ஆறு வீடு. ஆறும் அப்படியே. கடைசி வீட்டில் சிந்துமதி என்றொரு பெண், இருபத்தாறு வயது, நான்கு வயதில் ஒரு மகள். வாசலிலேயே நின்று கேட்டேன், நின்றே முடித்தேன். மூன்றரை நிமிஷம்.

மகளுக்குப் போன் செய்தேன். சென்னையில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். இந்த லீவுக்கும் வீட்டுக்கு வரவில்லையாம், படிக்க நிறைய இருக்கிறதாம். நல்லதுதான்.

ஜூன் 19, புதன்

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“மத்த தெருவுல எல்லாம் மூணு வீட்டுக்கு ஒண்ணு ‘ஆமா’ன்னு வருது. உங்களுக்குத் தொடர்ந்து பத்தொன்பது வீடு ‘இல்லை’. எப்படிக்கா?”

“இந்தத் தெரு அப்படிங்க மேடம்.”

அவர் டேப்பைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை விநாடி ஆனது என்று அதில் பதிவாகிறதாம். “ஒன்பதாவது கேள்விக்கு இரண்டு விநாடிதான் ஆகியிருக்கு. அதைப் படிச்சுக் காட்டவே பத்து விநாடி ஆகும்.”

வெயில் அதிகம், வேகமாக அமுக்கிவிட்டேன் என்றேன். அவர் டேப்பை அணைத்தார். பிறகு, “நாளைக்கு நிதானமாச் செய்ங்க” என்று மட்டும் சொன்னார்.

அவர் சந்தேகப்பட்டது சரி. இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன். சில வீடுகளில் ஒன்பதாவதைக் கேட்கவே இல்லை. சில வீடுகளில் கேட்டுவிட்டு, அவர்கள் வாய் திறக்கும் முன்னே ‘இல்லை’யை அமுக்கினேன். அவர்கள் நல்லதுக்குத்தான். ஐந்து நிமிஷத்தில் நான் கிளம்பிவிட்டால் எந்தப் புருஷனும் எதையும் கேட்க மாட்டான்.

ஜூன் 20, வியாழன்

ரேஷன் கடை அருகே யாரோ முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். இடதுபுறமிருந்து கூப்பிட்டிருப்பாள், எனக்குக் கேட்கவில்லை. திரும்பினால் சிந்துமதி.

“அக்கா, அன்னிக்கு நீங்க கேட்டீங்கல்ல? நான் ஆமான்னு சொன்னனுங்க.”

நான் பையை அடுத்த கைக்கு மாற்றினேன்.

“ஆமான்னு சொன்னேன். நீங்க டேப்பைப் பாத்தீங்க. ரொம்ப நன்றிம்மான்னுட்டுப் போயிட்டீங்க.” அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “கல்யாணமாகி ஆறு வருசத்துல மொத தடவையா ஒருத்தருகிட்டச் சொன்னேன். எங்கம்மாகிட்டக்கூடச் சொல்லல. நான் சொன்னது தப்புங்களா? இன்னும் கூட அடி வாங்கியிருக்கோணுமா, அதுல சேர்றதுக்கு?”

அவள் சொன்னது எனக்குக் கேட்டது. அன்றைக்கும் கேட்டது. அவள் எனக்கு வலதுபுறம்தான் நின்றிருந்தாள். நல்ல காது அவள் பக்கம்தான் இருந்தது.

“திங்கக்கிழமை வர்றேன்” என்றேன்.

ஜூன் 21, வெள்ளி

மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒரு தாளை எடுத்து எழுதினார்: பத்தொன்பது வீட்டையும் திரும்பத் திறக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து வேறு இரண்டு பேர் போவார்கள். சிந்துமதி என்னை நம்பிச் சொன்னதால் அவளை மட்டும் நானே கேட்கலாம்.

“இனிமே எல்லா வீட்டுலயும் ஒரே அளவு நேரம் உக்காரணும்” என்றேன். “இல்லைன்னு சொன்னவங்ககிட்டயும் சமையல் கேள்வியைக் கேக்கலாம். அம்பது நிமிஷம். அப்ப யாரு வீடு எதுன்னு தெருவுக்குத் தெரியாது.”

மேடம் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து அரை மணி நேரம் வாதாடினார். சம்மதித்தார்கள். போனை வைத்துவிட்டு, “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, ஏன்கா சொல்லல?” என்றார்.

“பயமா இருந்துச்சுங்க.”

“யாரைப் பார்த்து?”

டெம்போக்காரர் என்றேன்.

ஜூன் 24, திங்கள்

சிந்துமதி வீடு. ஒரே அறை. அடுப்பும் கட்டிலும் ஒரே இடத்தில். புருஷன் தனசேகர் முனைத் தறிக்கூடத்தில் பகல் ஷிப்ட். மகள் யாழினி அங்கன்வாடிக்குப் போயிருந்தாள்.

பன்னிரண்டு கேள்வி முடிந்தது. கழுத்தைப் பற்றிய கேள்விக்கு அவள் சேலைத் தலைப்பை விலக்கிக் காட்டினாள். அவள் பேசப் பேச நான் டேப்பில் பதிந்துகொண்டே இருந்தேன். “ஒருக்கா துப்பட்டாவுல...” என்று அவள் தொடங்கியபோது கரண்ட் போனது.

ஊர் முழுக்க அத்தனை தறியும் ஒரே நொடியில் நின்றது. அந்த அமைதியில் “துப்பட்டாவுல” என்ற சொல் மட்டும் அறைக்கு நடுவில் தொங்கியது. பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் உருளுவது கேட்டது. அப்படியானால் நாங்கள் பேசுவதும் அங்கே கேட்கும்.

சந்தில் ஆண்களின் பேச்சு வந்தது. கரண்ட் போனால் தறிக்காரர்கள் டீக்கு வெளியே வருவார்கள். அது எனக்குத் தோன்றவே இல்லை. வாசலில் நிழல் விழுந்தபோதுதான் பச்சைப் பொத்தானை அமுக்கினேன்.

“வாரத்துல எத்தனை நாள் பருப்பு சமைப்பீங்கம்மா?” என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

“மூணு... மூணு நாளுங்க.”

தனசேகர் ஒல்லியான ஆள். தலை முழுக்கப் பஞ்சு. என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். “கேளுங்க, கேளுங்க” என்றார். நான் கீரை, எண்ணெய், முட்டை என்று வரிசையாகக் கேட்டேன். நான்காவது கேள்விக்கு அவளுக்குப் பதில் அவரே சொன்னார். “இவளுக்கு உப்பு போடத் தெரியாதுங்க. அதையும் எழுதிக்கங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கரண்ட் வந்தது, அவர் வேலைக்குப் போனார். பிறகு மிச்சத்தையும் முடித்தோம். உதவி மையத்தின் எண்ணை எழுதித் தர வேண்டாம் என்றாள். ஏழு முறை சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள்.

கிளம்பும்போது, “உங்களுக்குக் காது மந்தங்களாக்கா?” என்று கேட்டாள். டைபாய்டு ஜுரத்தில் போனது என்றேன். ஒரு மாதிரி தலையாட்டினாள்.

ஜூன் 26, புதன்

அங்கன்வாடி டீச்சரின் போனிலிருந்து சிந்துமதி மையத்துக்குப் பேசியிருக்கிறாள். வரச் சொல்லிவிட்டார்கள். ஆனால் வண்டி சந்துக்குள் வந்தால் தெருவே கூடிவிடும். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவளே மகளைக் கூட்டிக்கொண்டு பெரிய ரோட்டு நிறுத்தத்துக்கு வந்துவிட வேண்டும். மையத்துப் பெண் அங்கே நிற்பாள். தனசேகர் அந்நேரம் தறியில் இருப்பார்.

மேடம் கண்டிப்பாகச் சொன்னார்: “நம்ம வேலை நம்பர் குடுக்கறதோட முடிஞ்சுது. நீங்க அந்தப் பக்கமே போகக்கூடாது.” சரி என்றேன். வெள்ளிக்கிழமை எனக்கு எதிர் வரிசையில் ஒரு வீடு பாக்கி இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை.

தாராபுரத்திலிருந்து அவர் இன்று நான்கு தடவை போன் செய்தார். மூன்றாவது தடவை நான் ஒரு பேட்டியில் இருந்தேன். ஏன் எடுக்கவில்லை என்பதற்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம் பதில் சொன்னேன்.

ஜூன் 28, வெள்ளி

எதிர் வீட்டில் சமையல் கேள்விகள் ஓடிக்கொண்டிருந்தன. பத்து ஐம்பதுக்குச் சிந்துமதி கதவைச் சாத்துவது ஜன்னலில் தெரிந்தது. தோளில் ஒரு துணிப்பை, இடுப்பில் மகள். அவள் கதவுக்கு நாதாங்கி போட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது.

தறிகள் நின்றன.

அவள் அப்படியே உறைந்து நின்றாள். பெரிய ரோட்டுக்குப் போக ஒரே வழிதான், தறிக்கூடத்து வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அதன் கதவு திறந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மூன்றாவதாக வந்தவர் தனசேகர். டீக்கடைக்குப் போகவில்லை, வீட்டுப் பக்கம் திரும்பினார். சிந்துமதி இரண்டு வீட்டுக்கு இடையில் உள்ள முடுக்கில் ஒதுங்கினாள்.

நான் எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. அவர் முடுக்கைத் தாண்டியதும் எதிரே போய் நின்றிருந்தேன். அவர் முகம் என் பக்கம், முதுகு ரோட்டுப் பக்கம் இருக்கும்படி சுற்றி வந்து நின்றேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

“தம்பி, ஒரு நிமிசமுங்க. ஆம்பளைங்களுக்கும் ஒரு சர்வே இருக்குது.”

“இப்பங்களா? நான் வூட்டுக்குப் போயிட்டு...”

“எல்லாரையும் எடுக்க மாட்டமுங்க. தகுதி இருக்கறவங்களை மட்டுந்தான். வடிகட்டித்தான் எடுப்போம்.”

அவர் நின்றார். “தகுதின்னா?”

“சில கேள்வி இருக்குதுங்க. அதுல தேறோணும்.”

சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டு, “கேளுங்க” என்றார்.

டேப்பில் அப்படி எந்தக் கேள்வியும் இல்லை. அணைந்த திரையைப் பார்த்து நானே உண்டாக்கிக் கேட்டேன். வயது? எத்தனை வருஷமாகத் தறி? ஒரு ஆளுக்கு எத்தனை தறி? இருமல் உண்டா? அவர் ஒவ்வொன்றுக்கும் நின்று நிதானமாகப் பதில் சொன்னார். இருமலைப் பற்றிச் சொல்லும்போது குரல் இறங்கியது. “ரெண்டு வருசமா இருக்குதுங்க. இதையெல்லாம் யாருமே கேட்டதில்ல.” ஒரு நொடி அவர்மேல் எனக்கு இரக்கம்கூட வந்தது. அதே நொடியில் அவர் தோளுக்குப் பின்னால் சிந்துமதி முடுக்கிலிருந்து வெளியே வந்தாள். பத்தடி தூரம். ஊர் முழுக்க அமைதி. குழந்தை அப்பாவைப் பார்த்துவிட்டது. அதன் வாய் திறந்தது. சிந்துமதி அதன் முகத்தைத் தன் தோளோடு அழுத்திக்கொண்டாள்.

நான் குரலை உயர்த்தினேன். “தூக்கம் எப்படிங்க? முதுகுவலி? காது? காது நல்லாக் கேக்குமுங்களா?”

“ஏனுங், இப்பிடிக் கத்தறீங்க?” என்று சிரித்தார். “தறிக்காரனுக்குக் காது எங்கீங்க இருக்குது?”

அவள் செருப்பைக் கையில் எடுத்திருந்தாள். வெறுங்காலோடு தறிக்கூடத்தைத் தாண்டினாள். இன்னும் முப்பது அடி. எனக்குக் கேள்வி தீர்ந்துபோனது. கடைசியில் வாயில் வந்ததைக் கேட்டேன்.

“நீங்க யாருக்காச்சும் பயப்படறீங்களா?”

“நானுங்களா?” அவருக்கு அது புரியவே இல்லை. “நான் எதுக்குப் பயப்படோணும்?”

திருப்பத்தில் சேலை மறைந்தது. இரண்டு நிமிஷம் கழித்துக் கரண்ட் வந்தது. தறிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அவர் வீட்டைப் பார்த்தார், தறிக்கூடத்தைப் பார்த்தார். வேலைக்கே திரும்பினார். நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி, சத்தத்தை மீறிக் கேட்டார்.

“நான் தேறிட்டனுங்களா?”

தேறிட்டீங்க என்று தலையாட்டினேன். எதிர் வீட்டுக்குத் திரும்பி, மிச்சமிருந்த சமையல் கேள்விகளைக் கேட்டு முடித்தேன். பிறகு அவர்கள் குளியலறையில் வாந்தி எடுத்தேன்.

ஜூன் 29, சனி

காலையில் மாடிப்படிக்குக் கீழே தனசேகர் நின்றார். கத்தவில்லை. மேலே பார்த்தபடி மூன்று மணி நேரம் நின்றார். நான் ஒரு டம்ளர் தண்ணீரோடு கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். மேடம் கதவைத் தாழிட்டு, காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். இரண்டு பேர் வந்து கூட்டிப் போனார்கள். போகும்போது அவர் சொன்னது மேலே வரை கேட்டது. “பொம்பள ஊர்ப் பேரு எனக்குத் தெரியுமுங்க. தாராபுரம். அவ வூட்டுக்காரனுக்குச் சொல்லிக்கறேன்.”

மேடம் என்னைத் திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். மறுபடி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். “அவன் நின்னப்பகூட நீங்க இப்படி நடுங்கல. வீட்டுக்காரர்கிட்டச் சொல்றேன்னதும்தான் டம்ளர் கையிலருந்து விழுந்துச்சு” என்றார்.

கை ஈரமாக இருந்தது, அதனால்தான்.

ஜூலை 1, திங்கள்

என்னைத் தெருவுக்கு அனுப்பவில்லை. அறையில் உட்கார்ந்து மற்றவர்களின் படிவங்களைச் சரிபார்க்கிறேன். நிறைய ‘ஆம்’.

ஜூலை 4, வியாழன்

மையத்திலிருந்து மேடத்துக்குத் தகவல் வந்தது. சிந்துமதியின் அம்மா வந்து, குழந்தைக்காகவாவது திரும்பிப் போ என்று அழுதாளாம். சிந்துமதி மாட்டேன் என்றுவிட்டாள். கழுத்துக் காயத்துக்கு மருத்துவச் சான்று வாங்கிப் புகார் கொடுத்திருக்கிறார்கள்.

கோகிலாவையும் மையத்துப் பெண் தனியாகப் பார்த்திருக்கிறாள். கோகிலா எந்த உதவியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். அந்த மணிக்கட்டுக்கு நானும் பொறுப்பு. அதை எந்தப் படிவத்திலும் திருத்த முடியாது.

ஜூலை 5, வெள்ளி

இன்றோடு வேலை முடிந்தது. துணிகளைத் துவைத்து மடித்தேன். நாளை காலை ஊருக்குத் திரும்ப வேண்டும். அவர் எத்தனை மணிப் பேருந்து என்று கேட்டுவிட்டார். எட்டே கால் என்று சொல்லியிருக்கிறேன்.

மதியம் மேடத்தின் போனில் சிந்துமதி பேசினாள். குரல் தெளிவாக இருந்தது. யாழினி அங்கே இன்னொரு குழந்தையோடு சண்டை போடுகிறாளாம்.

“அக்கா, என் பேரு, வயசு, கல்யாணத் தேதி, அடி எல்லாம் கேட்டுக்கிட்டீங்க. உங்களப் பத்தி நான் ஒண்ணுமே கேக்கலீங்க” என்றாள். “நீங்க நல்லா இருக்கீங்களாக்கா?”

மேடம் எதிரே உட்கார்ந்து கணக்குத் தாள்களை நூலால் கட்டிக்கொண்டிருந்தார். “கேக்கலம்மா, லைன் சரியில்ல” என்றேன். அவள் திரும்பக் கேட்டாள். நான் வைத்துவிட்டேன்.

மேடம் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். நிமிர்ந்து பார்க்காமலேயே பேசினார். “சேலத்துல அடுத்த சுற்று ஆரம்பிக்குது. ஆறு வாரம். ஆள் பத்தல. தங்கற இடம் உண்டு. யார்கிட்டயும் அட்ரஸ் சொல்ல மாட்டோம், அது எங்க விதி.”

“எனக்குத் தகுதி இருக்குதுங்களா மேடம்? இவ்வளவு தப்புப் பண்ணியிருக்கேன்.”

“கேள்வி கேக்கற ஆளா இப்ப உங்களை எடுக்க முடியாதுக்கா. படிவம் சரிபார்க்க வரலாம்.” அடுத்த கட்டை எடுத்தார். “வேற எதுக்காகவும் வரலாம்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 6, சனி

எட்டு மணிக்குப் பேருந்து நிலையம். மேடம் சேலம் வண்டிக்காக அங்கே நின்றிருந்தார். தாராபுரம் போக முதலில் ஈரோடு வண்டியைப் பிடிக்க வேண்டும். அது வந்தது. ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் இன்னும் ஏறவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பிறகு இறங்கினேன். செருப்பு ஊக்கு படியில் மாட்டிக்கொண்டது. பின்னால் வந்த அம்மாள் திட்டினாள்.

இதைச் சேலம் பேருந்தில் எழுதுகிறேன். கோடு கோணலாக வருகிறது. போன் பையில் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஜன்னல் ஓரத்து இருக்கை. பக்கத்தில் மேடம் தூங்குகிறார். பயம் போகவில்லை. சங்ககிரி தாண்டிவிட்டோம்.